வாசலில் ஐந்து முனை நட்சத்திரம்

அக்கா,

இன்று காலை பரண் மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். சுதாவின் பள்ளிக்கூடத்தில், மழையில் வீடு நனைந்தவர்களுக்காகப் பழைய துணி சேர்க்கிறார்களாம். சின்னக் குழந்தைகளின் உடுப்பு இருந்தால் கொடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கவுன், ஜட்டி, கம்பளிக் குல்லா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்து, பெட்டியின் அடியில் கையை ஊன்றினேன். 'கீச்' என்று ஒரு சத்தம். எலி என்று நினைத்து அலறிவிட்டேன். எலி இல்லை. சிவப்பு ரப்பர் செருப்பு, என் உள்ளங்கை நீளம்கூட இல்லாதது. குழந்தை நடந்தால் குதிகாலிலிருந்து சத்தம் வருமே, அந்தச் செருப்பு. நீங்கள் வாங்கிக் கொடுத்தது.

ஒரு கால் மட்டும்தான் இன்னும் கத்துகிறது. இன்னொன்றை அழுத்தினால் வெறும் காற்று வருகிறது. துணியெல்லாம் சுற்றி இறைந்து கிடக்க, கத்துகிற செருப்பை அழுத்தி அழுத்தி விட்டபடி உட்கார்ந்திருந்தேன். சுதா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, சின்னப் புள்ள மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவளுக்குப் பதினொரு வயசு ஆகிறது, அக்கா. என்னைக் கண்டிக்கிற வயசு வந்துவிட்டது. அவள் போனால் சாயங்காலம் வரை இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. என் வீட்டுக்காரர் இன்னும் பட்டாளத்தில், எல்லையில்தான் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார், வந்த அலுப்பு தீர்வதற்குள் கிளம்பிவிடுகிறார்.

பேச ஆளில்லாமல்தான் காகிதத்தை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் ஒன்பது வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது. நீங்கள் பூந்தமல்லியில் படுத்துக் கிடந்தபோது அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாமலே திரும்பினேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சொல்லக் கூடாததை நொடியில் சொல்லிவிடும். சொல்ல வேண்டியது என்றால் மட்டும் ஊமையாகிவிடும்.

கோவில்பதாகையில் நாம் குடியிருந்த அந்த ஆறு வீட்டு வரிசை இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். ஓட்டு வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல் வரும். நான் நாலாவது வீடு, நீங்கள் ஐந்தாவது. உங்கள் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இரண்டு பையன்களும் தலையெடுத்து வெளியே போய்விட்டிருந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயசு, கையில் இரண்டு வயசு நிறையாத குழந்தை. முதல் வீட்டில், வரிசைக்கே சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா. அவர் என் வீட்டுக்காரருக்கு ஏதோ வகையில் பெரியம்மா முறை. அதனால்தான் என்னையும் குழந்தையையும் அங்கே குடிவைத்துவிட்டு என் வீட்டுக்காரர் நிம்மதியாக ரயிலேறினார். எனக்கு நிம்மதி போனது. நான் எப்போது எழுந்தேன், எப்போது தூங்கினேன், யாரோடு சிரித்தேன் என்று எல்லாவற்றையும் அந்தம்மா அவருக்குக் கடிதம் போடுவார் என்று நானாகவே பயந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் நீங்கள் கறிவேப்பிலை கேட்டு வந்தீர்கள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். பத்துக்குப் பத்து அறையில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டிலைச் சுற்றிச் சுற்றி நான் ஓடிக்கொண்டிருந்தேன். கட்டில் மேல் உட்கார்ந்து சுதா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, பேய் கீய் புட்ச்சிகிச்சா?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். பெரிய மெடல் எல்லாம் ஒன்றும் இல்லை, மாவட்டத்தில் நாலாவதாக வந்ததுதான் அதிகபட்சம். ஆனால் ஓடாமல் இருந்தால் உடம்பு கனத்துக்கொண்டே போகிறது, மனசும். காலையிலிருந்து இரவு வரை 'அம்மா, அம்மா' என்ற ஒரே குரல். வேறு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. கொஞ்ச நேரம் அந்தக் குரலும் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்கு வழியில்லை, அதனால்தான் கட்டிலைச் சுற்றுகிறேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற குழந்தையைப் பற்றி இப்படிச் சொல்கிறேனே என்ற பயம் வேறு.

கறிவேப்பிலையை முறத்திலிருந்து நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

"அஞ்சு மணிக்கு எப்டியும் நான் முழிச்சிகினு ஜெபமாலை சொல்றேன். எங்கூட்ல சொன்னா இன்னா, உங்கூட்ல சொன்னா இன்னா. மாதாவுக்கு ரெண்டு ஊட்டு அட்ரஸும் தெரியும். நீ போய் ஓடு" என்றீர்கள்.

ஆவடி கடைத்தெருவில் வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கப் போனேன். தம்பிக்கு என்று சொன்னேன். "தம்பிக்குன்னா நீங்க ஏம்மா கால்ல மாட்டிப் பாக்கறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். தம்பிக்கும் எனக்கும் ஒரே அளவு என்று சமாளித்தேன். இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் சுதா பயந்து அழுதாள். என் வீட்டுக்காரரின் பழைய நாடா வைத்த பேன்ட், முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு. இருட்டில் பார்த்தால் பட்டாள முகாமில் புதிதாகச் சேர்ந்த பையன் என்றுதான் நினைப்பார்கள். அப்படித்தான் நினைத்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் ஏறி, வெள்ளானூர் போகிற சாலையைப் பிடித்து, மதகு வரை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என் அம்மா வீடு. மாட்டுக்கொட்டகையில் எரிகிற விளக்குகூட மதகிலிருந்து தெரியும். தினமும் பிறந்த வீட்டை நோக்கி ஓடி, அந்த விளக்கைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். அண்ணன் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்: 'புருஷன் ஊரில் இல்லாதபோது பேன்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறாளா' என்று ஊரைக் கூட்டிவிடுவான். ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று, தூரத்தில் ரயில், முகாமில் ஊதுகிற ஊதல். வேறு ஒரு துணையும் கிடையாது. ஆனால் அந்தத் தனிமை எனக்கு வேண்டியிருந்தது. திரும்பிப் போனால் நீங்கள் இருப்பீர்கள் என்பதால்தான் அது வேண்டியிருந்தது. இப்போது நன்றாகத் தெரிகிறது.

என்னிடம் கடிகாரம் கிடையாது. உங்களிடமும் கிடையாது. "ரெண்டு மாலை. ரெண்டாவது முடியறதுக்குள்ள வந்துரணும்" என்பதுதான் உத்தரவு. நான் மூச்சிரைக்கக் கதவைத் தள்ளினால், கண்ணை மூடிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு கை மணியை உருட்டும், ஒரு கை சுதாவின் முதுகில் இருக்கும். கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கி ரெண்டாவது மாலைல நாலாவது பத்துமணி" என்பீர்கள். பத்துப் பத்து மணியாக ஐந்து முறை சொன்னால் ஒரு மாலை என்று எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. நாலாவது பத்துமணிக்குள் வந்துவிட்டால் அன்று நல்ல ஓட்டம். ஒருநாள் மூன்றாவதிலேயே வந்துவிட்டேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "நாய் தொரத்திச்சா?" என்றீர்கள். உண்மையிலேயே நாய்தான் துரத்தியது.

கோலம் எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? முதல் வாரத்திலேயே வீட்டுக்காரம்மா பால் வாங்கப் போகும்போது நம் வாசலில் நின்று, "நாலாவது ஊடு இன்னும் தூங்கிகினு கீது போல. வாசல்ல கோலத்தக் காணோம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த நீங்கள் மூச்சுக்கூட விடவில்லையாம். வாசலில் கோலம் இருந்தால் பெண்பிள்ளை எழுந்து வீட்டுக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். நானே போட்டுவிட்டு ஓடுகிறேன் என்றேன். "நீ கோலம் போட்டு முடிக்கறதுக்குள்ள வெளிச்சம் வந்துரும். அப்பறம் எங்க ஓடுவ? நீ போமே" என்று என்னைத் தள்ளிவிட்டீர்கள். திரும்பி வந்தால் வாசல் தெளித்து, நடுவில் ஒரு நட்சத்திரம். ஐந்து முனை. மாவை விட்டுக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டது. வருஷா வருஷம் டிசம்பரில் மூங்கில் குச்சியும் கலர்ப் பேப்பரும் வைத்து நட்சத்திரம் கட்டிய கைக்கு வேறு என்ன வரும்?

நான் சிரித்ததும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சிரிக்கற? வெள்ளையா கீது, வாசல்ல கீது. கோலந்தான இது?"

"கோலந்தான்க்கா" என்றேன்.

நாலு மாதம் அந்த நட்சத்திரம் என் வாசலில் விழுந்தது. மூட்டு வலி இருந்த நீங்கள், தைலம் மணக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மாதாவை வணங்குகிற வாயோடு என் வீட்டு வாசலில் கோலம் போட்டீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற பயம்தான். கார்த்திகை பிறந்தது. அடுத்து மார்கழி, தெருவே கோலத்தைத்தான் வேடிக்கை பார்க்கும். இன்லண்டு லெட்டரின் ஓரத்தைக் கிழித்து, ஐந்து புள்ளி வைத்து வளைக்கிற ஒரு சின்னக் கோலத்தை வரைந்து உங்களிடம் நீட்டினேன்.

"தினமும் ஸ்டாரையே போட்டா அந்தம்மா கண்டுபிடிச்சிடும்க்கா. நாளைலேர்ந்து இதப் போடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தீர்கள். "இது இன்னாமே, கணக்குப் பாடமாட்டம் கீது. எங்க ஆரம்பிக்கறது, எங்க முடிக்கறது?"

"புள்ளியத் தொடாம சுத்திகினே வாங்க, தானா முடியும்" என்று அலட்சியமாகச் சொன்னேன். அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

மறுநாள் காலை நான் மதகைத் தொட்டுத் திரும்பி ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன். மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. தண்ணீர் கரையின் பாதிக்கு மேல் ஏறி நின்றது. லேசாக வெளுத்திருந்தது. எதிரே கரையின் மேல் ஏதோ சின்னதாக அசைந்து வந்தது. முதலில் நாய் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் வெறும் ஜட்டியோடு, செருப்பில்லாத காலோடு, இரண்டு கையையும் மடக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. நான் கட்டிலைச் சுற்றும்போது கையை வைத்துக்கொள்வேனே, அதேபோல. சுதா. அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு முழம் இருக்காது. கூப்பிடக்கூட பயமாக இருந்தது. கூப்பிட்டால் பக்கவாட்டில் திரும்பிவிடுவாளோ என்று. அன்று ஓடியது போல் நான் அதற்கு முன்பும் ஓடவில்லை, பின்பும் ஓடவில்லை.

அவளைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தேன். வரிசை முழுக்க வெளியே நின்றது. நீங்கள் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, "எங்குட்டியப் பாத்தீங்களா, எங்குட்டியப் பாத்தீங்களா" என்று கதறிக்கொண்டிருந்தீர்கள். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தீர்கள். நான் குழந்தையைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டேன். அத்தனை பேர் நடுவில், பேன்ட் சட்டையோடு நின்று கத்தினேன்.

"கண்ண மூடிகினு ஜெபம் பண்ணா புள்ளயப் பாத்துக்க முடியுமா? உங்க மாதாவா வந்து பாத்துக்குவாங்க? அந்தக் கண்ணத் தெறந்து வெச்சிகினு இருந்தா இன்னா கொறஞ்சி போயிடும் உங்களுக்கு?"

நீங்கள் நீட்டிய கை அப்படியே நின்றது. கையை இறக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்குள் போய்விட்டீர்கள். நான் என் வீட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன்.

எட்டு மணி இருக்கும். சுதா இட்லி தின்றுகொண்டிருந்தாள். அதுவரை ஷூவைக் கழற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கழற்றித் திருப்பினால் அடியில் வெள்ளை மாவு. கதவைத் திறந்து பார்த்தேன். வாசலில் ஐந்து புள்ளி, நாலு புள்ளி, மூன்று புள்ளி என்று வைத்திருந்தது. இடது பக்கம் மட்டும் கோடு நடுங்கி நடுங்கி வளைந்து போயிருந்தது. ஓர் இடத்தில் தப்பாகி, விரலால் அழித்துவிட்டு மறுபடி போட்ட தடம். வலது பக்கம் இன்னும் வளைக்கவே இல்லை. எல்லாவற்றின் மேலும் என் ஷூ அச்சு. படி ஓரத்தில் அந்த இன்லண்டு லெட்டர்த் துண்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.

நீங்கள் கண்ணை மூடியிருக்கவில்லை. நான் கொடுத்த கோலத்தைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு நொடியில் முடிகிற நட்சத்திரத்தை விட்டுவிட்டு, என் பயத்துக்காக அந்தப் புள்ளிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் குழந்தை எழுந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறாள். நீட்டிய உங்கள் கை இரண்டும் வெள்ளையாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் கண்ணில் படவில்லை.

உங்கள் கதவு ஐந்தடி தூரம்கூட இல்லை. போய்த் தட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லாமல். அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுதான் அக்கா, ஒன்பது வருஷமாகச் சொல்லாதது.

மூன்றாம் நாள் குழாயடியில் வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். மானம் போகப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குடத்தைத் தேய்த்தபடி, "ஓடறதுன்னா சொல்லிட்டு ஓடக் கூடாதா? நாலு மாசமா அந்த ஸ்டாரப் பாத்துகினுதான கீறேன். நம்ம ஊட்டு வாசல்ல எவ ஸ்டாரு போடுவா? பாவம், அந்தப் பொம்பள முட்டி தேய உக்காந்து போடுதேன்னு கேக்காம வுட்டேன்" என்றார்.

"அவருக்கு லெட்டர் போட்டீங்களா பெரிம்மா?"

"எனக்கு இன்னா லெட்டர் எழுதத் தெரியும்? கைநாட்டு நானு."

வரிசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாது என்று நினைத்தது நீங்களும் நானும் மட்டும்தான். அந்தக் கோலமே தேவைப்பட்டிருக்கவில்லை. உங்களிடம் ஓடிவந்து இதைச் சொல்லி இருவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று இருந்தது. சிரிக்க ஆரம்பித்தால் மற்றதையும் பேச வேண்டிவருமே என்று போகவில்லை. எட்டு நாள் நான் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை ஐந்து மணிக்குக் கதவு தட்டிய சத்தம். திறந்தால் நீங்கள். கையில் காகிதப் பொட்டலம். என்னைத் தாண்டி உள்ளே வந்து, தூங்குகிற சுதாவின் காலில் சிவப்புச் செருப்பை மாட்டி வாரைப் போட்டீர்கள். ஒருதடவை அழுத்திப் பார்த்தீர்கள். 'கீச்' என்றது. தூக்கத்திலேயே அவள் சிரித்தாள்.

"கால கீழ வெச்சா சத்தம் வரும். எனக்குக் காது நல்லாத்தான் கீது" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். பிறகு, "போமே. வெளிச்சம் வந்துகினு கீது" என்றீர்கள்.

போனேன். அழுதுகொண்டே மதகு வரை ஓடினேன். திரும்பி வரும்போது வாசலில் பழையபடி நட்சத்திரம். உள்ளே நீங்கள் கட்டில் விளிம்பில். மணி உருண்டுகொண்டிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. இரண்டு கண்ணும் அகலத் திறந்து, இமைக்காமல் சுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். எவ்வளவோ பேசினோம், சிரித்தோம். இனிமேல் கோலம் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னபோதுகூட, "தெரிஞ்சா இன்னா, எனக்குப் பழகிப்போச்சி" என்று போட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஆனால் என் வீட்டில் நீங்கள் கண்ணை மூடி ஜெபம் சொல்லி நான் பார்க்கவே இல்லை. ஒரு காலைகூட. ஒவ்வொரு நாளும் கதவைத் தள்ளும்போது முதலில் உங்கள் கண்ணைத்தான் பார்ப்பேன். திறந்தே இருக்கும். நாலாவது பத்துமணி என்பீர்கள். நான் ஷூவைக் கழற்றப் போய்விடுவேன்.

உங்கள் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் பெரிய பையனோடு பூந்தமல்லிக்குப் போனீர்கள். ஆவடியிலிருந்து ஒரே பஸ்தான். ஆனாலும் ஐந்தாறு வருஷத்தில் நான் வந்தது இரண்டு தடவை. குழந்தைக்கு ஸ்கூல், வீடு கட்டுகிற வேலை என்று ஏதேதோ சாக்கு. நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று தெரிந்து போன ஆடியில் வந்ததுதான் மூன்றாவது.

உங்கள் மருமகள் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று என்னை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். தைல வாசனை அப்படியே இருந்தது. நீங்கள் பாதியாகியிருந்தீர்கள். மாலை விரலில் சுற்றியிருந்தது, உருட்டத் தெம்பில்லை. "இன்னும் ஓடறியா?" என்று கேட்டீர்கள். ஓடுகிறேன் என்றேன். "எத்தினியாவது பத்துமணி?" இப்போது கடிகாரம் இருக்கிறது, நாற்பத்து மூன்று நிமிஷம் என்றேன். உங்களுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தீர்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அக்கா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். எதற்காகப் பிடித்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"தூக்கமே வர்லமே. யாராவது பக்கத்துல இருந்தா தேவல. நீ கீறியே, கொஞ்சம் பாத்துக்க. நான் சித்த நேரம் கண்ண மூடிக்கறேன்" என்றீர்கள்.

மூடிக்கொண்டீர்கள். எட்டு வருஷத்துக்கு மேல் கழித்து, என் முன்னால். நான் அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கை மரத்துப்போனது, எடுக்கவில்லை. மருமகள் வந்தார். எழுப்ப வேண்டாம் என்று ஜாடை காட்டிவிட்டு, மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன். அடுத்த வாரம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சுதாவுக்கு அம்மை போட்டது. உங்கள் பையன் போட்ட கார்டு வந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அதனால் இப்போது எழுதுகிறேன். அக்கா, அன்று நீங்கள் கண்ணை மூடியிருக்கவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

வெள்ளானூர்ப் பக்கம் மனை வாங்கிக் கட்டிய வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். அம்மாவும் இல்லை, மாட்டுக்கொட்டகையில் விளக்கும் இல்லை. இங்கிருந்து கிளம்பி, பழைய வழியில் ஏரிக்கரை வரை போய்த் திரும்புகிறேன். இப்போது என்னை யாரும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியதில்லை. ஏழு மணி வரை சுதாவை இடியோசைகூட எழுப்பாது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் இன்றைக்கு எத்தனையாவது பத்துமணி என்று சொல்ல ஒருவரும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போட்டுக்கொள்கிறேன். துணிகளை மூட்டை கட்டிவிட்டேன், நாளை சுதா எடுத்துப் போவாள். செருப்பை மட்டும் கொடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் தினமும் வாசலைத் தெளித்து நட்சத்திரம் போடுகிறேன். ஐந்து முனை, ஒரே இழுப்பு. எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் கேட்டாள், "நீங்க கிறிஸ்டியனாக்கா?" இல்லை என்றேன். "அப்பறம் இன்னாத்துக்கு ஸ்டாரு?" எனக்கு வேறு கோலம் மறந்துவிட்டது என்றேன். பொய்தான். அந்த ஐந்து புள்ளிக் கோலம் என் கைக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த வாசலிலும் அதைப் போட்டதில்லை.

ஓடி முடித்துத் திரும்பும்போது தெருமுனையிலேயே வாசலில் அந்த வெள்ளை தெரியும். வீட்டுக்குள் யாரோ எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அதைப் போடுகிறேன், அக்கா.